பிடுங்கிய பல்லின் வலி

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலேயே இவருக்கு நெஞ்சு எரிச்சல். நேற்று இரவு சாப்பிட்ட முட்டைதான் காரணமாம். முந்தாநாள் முட்டை இல்லை, அன்றும் எரிந்தது. அப்போது முட்டை இல்லாததுதான் காரணமாக இருந்திருக்கும். சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்தார். பிறகு ஒரு நீண்ட ஏப்பம். உலகம் பிழைத்தது.

முப்பது வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்ன குரல். ஓய்வு பெற்ற பிறகு ரயில் இல்லை. அதனால் தன் உடம்பில் எது வந்தாலும், எது கிளம்பினாலும் வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கிறார். இதுவரை எடுத்த ஈசிஜி தாள்களை எல்லாம் ஒட்டினால் அடுத்த ஊர் வரை தண்டவாளம் போடலாம். ஒன்றில்கூடக் குறை இல்லை. "கேஸ்தான் சார்" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் இவர் முகம் வாடிப்போகும்.

இந்த இதயத்துக்காக வீட்டில் உப்பு பாதிதான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். குப்பையில் போடாமல் நானும் சேர்ந்து தின்கிறேன். மாலையில் மேட்டுத் தெரு வரைக்கும் நடை. அதுவும் இவர் இதயத்துக்குத்தான், நான் துணைக்கு.

இன்று மேட்டில் ஏறும்போது இடது கீழ்த்தாடையில் ஒரு வலி. கடைவாய்ப்பல் போல.

பிப்ரவரி 6, வியாழன்

பாட்டு டீச்சரின் வாய் அளவு வந்துவிட்டது. மேலும் கீழும் முழு செட். அச்சில் பிளாஸ்டர் ஊற்றி வைத்தேன். ஈறு ரொம்பத் தேய்ந்துபோயிருக்கிறது, கீழ் செட்டை நிற்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாப்பிட முடியாவிட்டால்கூடப் பரவாயில்லை, பாடும்போது விசில் வரக் கூடாது என்று முன்னறையில் சொல்லிவிட்டுப் போனாராம்.

மாடியில் இருக்கும் அந்தக் கிளினிக்கின் முன்னறையில் பல் பார்ப்பது இவருடைய கடைசித் தங்கை. ஊருக்கு டாக்டர். எனக்கு, என் கல்யாணத்தன்று முன்பல் விழுந்து நாள் முழுக்க அழுத நாத்தனார். அவள் அளவெடுத்து அனுப்புவாள், பின்னறையில் நான் பல் செட் செய்வேன். 'டாக்டரம்மா' என்று நான் கூப்பிட்டால் கோபம் வரும். அதற்காகவே கூப்பிடுவேன்.

கீழே வந்த பிளாஸ்டர் மூட்டையை மாடிக்குத் தூக்கி வந்தபோது அதே தாடை வலி. மூட்டையை இறக்கி வைத்துக் கொஞ்சம் நின்றேன், போய்விட்டது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் செய்கிறேன், எனக்கும் ஒரு காப்புத் தகடு செய்துகொள்ள வேண்டியதுதான்.

பிப்ரவரி 10, திங்கள்

தகடு போட்டுக்கொண்டு தூங்கி எழுந்தேன். குத்துச்சண்டைக்குப் போகிறாயா என்று கேட்டார். வேறொரு பலனும் இல்லை. மேட்டில் வலி வந்தது. பாதி மேட்டில் இருக்கும் சிமென்ட் பெஞ்சில் இவர் வழக்கம்போல் உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்த்தார். நானும் உட்கார்ந்தேன். இவர் நாடி பிடித்து முடிப்பதற்குள் என் பல் வலி போயிருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடந்தால் வலி அதிகம். பல்லுக்கு வயிறு தெரியுமா என்ன?

பிப்ரவரி 15, சனி

டாக்டரம்மா எக்ஸ்-ரே எடுத்தாள். தட்டிப் பார்த்தாள், பனிக்கட்டி வைத்துப் பார்த்தாள். அந்தக் கடைவாய்ப்பல்லில் பழைய அடைப்பு ஒன்று இருக்கிறது, அதன் கீழே நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது.

"அண்ணி, பல்லு நல்லாத்தான் இருக்கு. அந்த நிழல் ஒண்ணுமில்ல."

நான் விடவில்லை. எத்தனை ஆயிரம் தாடையைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்திருப்பேன், எனக்குத் தெரியாதா என் தாடை? ஒரு வாரம் பார்க்கலாம் என்றாள். என்னத்தைப் பார்ப்பது. வலிக்கிற பல்லை வாயில் வைத்துக்கொண்டு பின்னறையில் பல் செய்துகொண்டிருக்கிறேன், பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

பிப்ரவரி 19, புதன்

பிடுங்கியாயிற்று. நான் நச்சரித்த நச்சரிப்பில் அவளுக்கும் பொறுமை போய்விட்டது. வெளியே காத்திருந்த இவருக்கு நான் ரத்தப் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. நர்ஸ் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்து விசிறினாள். பல் போனது எனக்கு, உபசாரம் இவருக்கு.

பிப்ரவரி 20, வியாழன்

ஓட்டையை நாக்கு போய்ப் போய்த் தடவுகிறது. ஆனால் நிம்மதி.

பிப்ரவரி 27, வியாழன்

ஒரு வாரம் கழித்து இன்றுதான் நடை. மேட்டில் வலி வந்தது. அதே இடம். பல் இல்லை, வலி மட்டும் இருக்கிறது.

புண் ஆறியிருக்காது. நரம்பு ஆற நாளாகும். டாக்டரம்மாவிடம் சொல்லப்போவதில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

மார்ச் 1, சனி

பின்னறைத் தொட்டியில் தண்ணீர் தேங்கிவிட்டது. குழாய்க்காரர் வந்து கீழேயிருந்த குழாயை அறுத்து எடுத்துக் காட்டினார். வருஷக்கணக்காகக் கிண்ணம் கழுவிய பிளாஸ்டர் உள்ளே சுற்றிலும் கல்லாக ஒட்டியிருக்கிறது. நடுவில் சுண்டுவிரல்கூட நுழையாது. இதை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் எப்படிப் போனது என்று கேட்டேன். மெதுவாகத் திறந்தால் போகும், அவசரமாகத் திறந்தால் தேங்கும் என்றார். அதனால்தான் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆனதாம். புதுக் குழாய் போட்டாயிற்று.

பாட்டு டீச்சருக்கு மெழுகில் பல் அடுக்கினேன். அழகாக வந்திருக்கிறது. வைத்துப் பார்க்கும்போதுதான் விசில் தெரியும்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று நடந்ததை எழுத வேண்டும்.

நல்ல காற்று, குளிர்ந்த காற்று. இவர் குஷியில் இருந்தார், யாரோ பழைய சிநேகிதர் போன் செய்திருந்தார். பேசிக்கொண்டே பெஞ்சைத் தாண்டிப் போய்விட்டார். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் — தினமும் அந்தப் பெஞ்சுக்காகக் காத்திருந்தவள் நான். இவர் நாடி பார்க்க நிற்பார், அந்தச் சாக்கில் நானும் நிற்பேன். இன்று நிற்கவில்லை. தாடையில் தொடங்கிய வலி தொண்டைக்கு இறங்கி நெஞ்சின் நடுவில் இறுக்கியது. ஒரு வீட்டு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில்.

திரும்பிப் பார்த்தார். வந்தார். பக்கத்தில் நின்றார். வலி மெல்ல வடிந்தது.

"நின்னதும் போயிடுச்சா?"

பல் வலி என்றேன்.

"பல்லுதான் புடுங்கியாச்சே."

 வீடு வரை என் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார். வந்ததும், ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கும் தாள்களை அடுக்கி வைத்திருக்கும் தன் கோப்பை எடுத்தார். எத்தனை கேலி செய்திருப்பேன் அந்தக் கோப்பை. ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆஞ்சைனா என்று தலைப்பு. இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலி. நடந்தால், சுமை தூக்கினால், வயிறு நிறையச் சாப்பிட்டால், குளிர் காற்றில், கோபத்தில் வரும். ஓய்வெடுத்தால் போகும். நெஞ்சில்தான் வர வேண்டும் என்றில்லை — கை, முதுகு, கழுத்து, தாடை. பெண்களுக்கு இப்படி இடம் மாறி வருவது உண்டு.

தாடை என்ற வார்த்தைக்குக் கீழே தன் நகத்தால் கோடு போட்டார்.

நான் சிரித்தேன். உங்களுக்கு எல்லாமே இதயம், புலி வருது புலி வருது என்று எத்தனை தடவை என்றேன். இவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. தன் ஏப்பத்துக்கே ஊரைக் கூட்டுகிறவர் இப்படி அமைதியாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஒரு நோயாளி போதும். எனக்கும் வந்தால் இவரை யார் பார்ப்பது?

பொய். அதில்லை காரணம். அக்கா. என் இப்போதைய வயதைவிடச் சின்ன வயதில், உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். தோள் வலிக்குது தோள் வலிக்குதுன்னு ஒரு மாசம் சொல்லிட்டே இருந்தா. தைலம் தேச்சோம். நான்தான் தேச்சுவிட்டேன். எனக்குப் பயமா இருக்கு. தெரிஞ்சுக்கவே பயமா இருக்கு.

மார்ச் 7, வெள்ளி

இவர் தங்கையிடம் சொல்லிவிட்டார். அவள் நோயாளிகளை அனுப்பிவிட்டுப் பின்னறைக்கு வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணி, மெல்லும்போது வலிக்குதுன்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"நானும் கேக்கல. பல்லுன்னு வந்தீங்க, பல்லையே பார்த்தேன்."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொன்னேன். அவள் மேல் என்ன தப்பு? வேண்டாம் வேண்டாம் என்றவளைப் பிடுங்க வைத்தது நான். இந்த வீட்டில் யாருக்கு என்ன வலித்தாலும் முதலில் வாயைத்தான் திறக்கச் சொல்வோம், அப்படியே பழகிவிட்டோம். திங்கள்கிழமை போகிறோம்.

மார்ச் 10, திங்கள்

ஈசிஜி நார்மல். அந்தத் தாளை இவர் மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டினேன். இதய டாக்டர் என் பாதி வயதுப் பெண். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, படுத்திருக்கும்போது இதயத்துக்கு வேலை குறைவு, அப்போது எடுத்த ஈசிஜி நன்றாக இருந்தாலும் நம்பி வீட்டுக்குப் போக முடியாது என்றாள். நடக்கவைத்துப் பார்க்க வேண்டுமாம். என் ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டாள். இவர் மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுப்பேன், என்னுடையதுதான் மறந்துபோகும். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டபோது அக்காவைச் சொன்னேன். டாக்டரின் சிரிப்பு நின்றது.

மார்ச் 12, புதன்

ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். மேட்டுத் தெருவைக் கொண்டுவந்து அறைக்குள் வைத்த மாதிரி. சாய்வை ஏற்ற ஏற்ற, வந்தேன் பார் என்று தாடையில் வலி. நிறுத்தச் சொன்னேன். டாக்டர் ஏற்கெனவே திரையைப் பார்த்து நிறுத்தக் கை நீட்டியிருந்தாள்.

ஆஞ்சைனாதான். மாரடைப்பு இல்லை, ஆனால் மாரடைப்பு வரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருக்கிறது. சும்மா இருக்கும்போது போகிற ரத்தம் போதும், இதயம் வேகமாக வேலை செய்யும்போது போதாது. அவள் படம் வரையத் தொடங்கினாள். வேண்டாம், புரிந்துவிட்டது, அந்தக் குழாயைப் பத்து நாள் முன்னால்தான் பார்த்தேன் என்றேன். இவர் முழித்தார், வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அடுத்த வாரம் ஆஞ்சியோ எடுத்துப் பார்க்கலாம் என்று நாள் கொடுத்திருக்கிறாள். அதுவரை தினமும் சாப்பிட மாத்திரைகள். வலி வந்தால் உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வைக்க ஒரு குட்டி மாத்திரை. கடைசியாக ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னாள்:

"சும்மா உக்காந்திருக்கும்போது வலி வந்தா, இல்ல மாத்திரை வச்சும் அஞ்சு நிமிஷத்துல போகலன்னா, அது வேற கதை. யோசிக்காதீங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க."

மார்ச் 13, வியாழன்

குட்டி மாத்திரை வைத்தால் வலி போகிறது, தலைவலி வருகிறது. வட்டிக்கு வாங்கியதுபோல.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன், கொண்டுவந்து கொடுத்துவிட்டு இவர் வெளியே போய் நிற்கிறார். படித்திருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து இவர் உள்ளே படுத்திருந்தார். பாட்டு டீச்சரின் கீழ் செட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். செவ்வாய்க்குள் கொடுக்க வேண்டும், ஆஞ்சியோவுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று நினைப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்து உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்துதான் இருந்தேன். தாடை பிடித்தது. நெஞ்சு பிடித்தது.

மாத்திரை வைத்தேன். போகவில்லை. வெட்கம் என்னவென்றால், அப்போதும் யோசித்தேன். யோசிக்காதீர்கள் என்று அவள் சொன்ன பிறகும். ஓரம் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, தேய்த்து முடித்துவிட்டு எழுப்பலாமா? பாவம், இப்போதுதான் கண்ணயர்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். கேஸாக இருந்தால்? இவரைக் கேலி செய்த வாயால் நானே...

மடியில் பார்த்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. கையிலிருந்ததைக் கீழே போட்டேன்.

"ஏங்க" என்றேன். சத்தம் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. வந்துவிட்டார்.

இந்த மனுஷன் பதறித் தானும் விழப்போகிறார் என்று நினைத்தேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், போனை எடுத்தார். அந்தக் குரல். ரயில் நிலையத்துக் குரல். பெண், வயது ஐம்பத்தெட்டு, உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு வலி, தாடையிலும் வலி, மாத்திரை வைத்தும் குறையவில்லை. தெரு, வீட்டு எண், எந்தப் பக்கத்திலிருந்து திரும்ப வேண்டும், வாசலில் நீலக் கதவு. எல்லாவற்றையும் இன்னொரு முறை, நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையும் விழும்படி. எதிர்முனையில் என்ன சொன்னார்களோ அதன்படி எனக்கு ஒரு ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்தார், சுவரில் சாய்த்து உட்கார வைத்தார், கதவைத் திறந்து வைத்தார். இத்தனை வருஷம் தனக்காக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எனக்காக நடத்தினார்.

குழாய் ஏறக்குறைய அடைத்துவிட்டிருந்ததாம். அன்றே ஆஞ்சியோ செய்து, ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள். இதயத் தசைக்குச் சேதம் இல்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாள் டாக்டர். இவருக்குச் சொல்லுங்கள் என்றேன். இவர் அந்த நேரம் அழுதுகொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

மார்ச் 22, சனி

வீடு. பசியே இல்லாமல் எல்லாம் ருசியாக இருக்கிறது. ஸ்டென்ட் வைத்ததால் நோய் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், ஒரு இடத்தைத்தான் திறந்திருக்கிறோம் என்று அனுப்பும்போது டாக்டர் சொன்னாள். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. உப்பு பாதி. ஏற்கெனவே பாதிதான் என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பின்னறைக்குப் போக அனுமதி. மூட்டை தூக்க அனுமதி இல்லை. அன்று கீழே போட்ட செட் நல்லவேளையாக உடையவில்லை, பாக்கி ஓரத்தைத் தேய்த்து முடித்தேன். பாட்டு டீச்சர் செட்டைப் போட்டுக்கொண்டு முன்னறையில் பாடிக் காட்டினார். விசில் இல்லை. காத்திருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்கள், டாக்டரம்மா உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் இப்போது தாடை வலி என்று வருகிற பெரியவர்களிடம் முதலில் கேட்பது, மாடி ஏறினால் வலிக்கிறதா என்றுதான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எனக்கு ஒரு பல் செய்துகொண்டேன். கழற்றி மாட்டுவது. நிறம் பொருந்தவில்லை என்று டாக்டரம்மா குறை சொன்னாள். ஒரிஜினல் நன்றாகத்தான் இருந்தது, கேட்டீர்களா நீங்கள் என்றாள். கேட்கவில்லை.

மேட்டில் இன்று பெஞ்சு வரை வலி இல்லாமல் ஏறினேன். அங்கே உட்கார்ந்தோம். இவர் நாடி பிடித்துப் பார்த்தார் — என்னுடையதை.

மே 12, திங்கள்

ஏதோ குறைகிறதே வீட்டில் என்று சில நாளாகவே தோன்றிக்கொண்டிருந்தது. இன்றுதான் பிடிபட்டது. அறிவிப்பு வருவதில்லை. நெஞ்சு எரிகிறது, முதுகு பிடிக்கிறது, இடது கை மரத்துவிட்டது — ஒன்றும் இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இவர் உடம்பில் ஒரு ரயிலும் ஓடவில்லை. உண்மையான நோயைப் பார்த்ததும் சரியாகிவிட்டார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

காலையில் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் கழன்றிருந்தது. கை நெஞ்சில். என் காதில் விழாமல் இருக்க வாயில் துண்டை அழுத்திக்கொண்டு ஏப்பம் விட்டார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

திருடன் மாதிரி முழித்தார். "கேஸ்தான். உன் காதுல விழ வேண்டாம்னுதான்..." என்றார். கொஞ்சம் பொறுத்து, "உனக்குப் பதட்டம் ஆகாதுல்ல" என்றார்.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல் வலி என்றேனே, அதே முகம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, வாங்க போகலாம் என்றேன். வேண்டாம் என்றார், வழியெல்லாம் வேண்டாம் என்றுகொண்டே வந்தார். ஈசிஜி எடுத்தார்கள், நடக்க வைத்தும் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. "கேஸ்தான் சார்" என்றாள் டாக்டர். இந்தத் தடவை இவர் முகம் வாடவில்லை. என்னைப் பார்த்தார். நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

திரும்பும்போது மேட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டோம். இருவரில் யாருக்கு எது வந்தாலும் மறைப்பதில்லை, பெரிதோ சிறிதோ, சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். கை அடித்துச் சத்தியம் செய்தோம், வழியில் போனவர்கள் பார்த்தார்கள்.

எழுந்திருக்கப் போனேன். இவர் என் தோளில் கை வைத்து நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏப்பம் வந்துகொண்டிருக்கிறது" என்றார், அந்தக் குரலில்.

வரட்டும் என்று மறுபடியும் உட்கார்ந்தேன்.